தூய்மையும் பொறுப்பும்



ஐந்து வேளையும் உளூச் செய்து தொழுகிற ஒரு மனிதரிடம், "உங்கள் உடம்பில் சுத்தம் போதாது, மருந்து தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள்" என்று சொன்னால் அவருக்கு என்ன தோன்றும்? கோபம்தான் தோன்றும். நம்முடைய தாய்மாமாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். முதல் நாள் இரவும் அன்று காலையும் தேய்த்துக் குளிக்கும்படி ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்தனுப்பினார்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் வயிற்றில் ஸ்பிரிட் கலந்த இன்னொரு மருந்தைப் பூசுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மாமா நேரே கிராஞ்சியில் உள்ள நமது கடைக்கு வந்து, பாட்டிலைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார்.

"தம்பி, அறுபது வருஷமாகத் தொழுகிறவன் நான். என் உடம்பில் என்ன அசுத்தத்தைக் கண்டார்கள்? போதாக்குறைக்குச் சாராயத்தை வேறு பூசுவார்களாம்!" என்றார்.

"மாமா, நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பினோமே தவிர, நமக்கு அப்போது பதில் தெரியவில்லை. மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் நமது படிப்பு. அன்றிரவு கடையைச் சாத்திய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆலிம்களிடமும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டோம்; கிடைத்ததைப் படித்தோம். தெரிந்துகொண்டதைச் சகோதரர்கள் முன் வைக்கிறோம். மாமா கேட்டவை இரண்டு கேள்விகள். ஆனால் அவற்றுக்குள்ளே அவர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதுதான் பெரிய கேள்வி. வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் வேண்டிய கேள்வி. தெரியாமல் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டால், அதற்கு நாம் பொறுப்பாளிகளா, இல்லையா?

முதலில் மாமாவின் முதல் கேள்வியைப் பார்ப்போம். மார்க்கம் சொல்லும் சுத்தமும் வைத்தியர் சொல்லும் சுத்தமும் ஒன்றா? தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்தால் தொழுகைக்கு உரிய சுத்தம் கிடைத்துவிடுகிறது. அது அல்லாஹ் தந்த சலுகை. ஆனால் மண் தொட்ட அதே கையோடு ஒரு டாக்டர் வந்து நம் வயிற்றைக் கிழிக்கட்டும் என்று நம்மில் யாராவது சம்மதிப்போமா? மாட்டோம். அப்படியானால் இரண்டும் வேறு வேறு என்பது நமக்கே தெரிந்திருக்கிறது. ஒன்று, ரப்பின் முன்னால் நிற்பதற்கு நாம் பெறும் தகுதி. மற்றொன்று, தோல் என்னும் வேலி திறக்கப்படும்போது உள்ளே திருடன் நுழையாமல் காப்பது. ஒன்று இருப்பதனால் மற்றொன்று வேண்டாம் என்றாகாது. மற்றொன்று வேண்டும் என்பதனால் முதலாவதுக்குக் குறைவும் இல்லை.

அந்தத் திருடன் யார்? நமது தோலில் குடியிருக்கும் கிருமிகள்தாம். குளித்து முழுகிய மனிதனின் தோலிலும் அவை இருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு, அதாவது ஒரு விரல் நகத்தளவு தோலை எடுத்துக்கொண்டால், முன்கையில் சுமார் 10,000, வயிற்றில் சுமார் 40,000, அக்குளில் சுமார் 5 லட்சம், தலைத்தோலில் சுமார் 10 லட்சம் என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை நமக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. வெளியிலே இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கும் சாதுக்கள். கத்தி பட்டுத் தோல் திறந்ததும், அதே சாதுக்கள் உள்ளே போய்ச் சதையில் பெருகிச் சீழாகவும் ஜுரமாகவும் மாறுகின்றன. ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பதற்குக் காரணமான கிருமி, பெரும்பாலும் நோயாளியின் சொந்த உடம்பிலிருந்து வந்ததே. ஆகவே ஆஸ்பத்திரியார் மாமாவை "அசுத்தமானவர்" என்று சொல்லவில்லை. "நீங்களும் மனிதர்தான்" என்று மட்டுமே சொன்னார்கள்.

சோப்பும் தண்ணீரும் மேலே ஒட்டிய அழுக்கையும், வந்து போகும் கிருமிகளையும் கழுவிவிடும். ஆனால் மயிர்க்கால்களுக்குள்ளும் தோலின் மடிப்புகளுக்குள்ளும் நிரந்தரமாகக் குடியிருப்பவை அவ்வளவு எளிதில் போகா. அவற்றைக் குறைக்கத்தான் கிருமிநாசினி. குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து கிருமியின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு அதைப் பொத்தலாக்குகிறது. உள்ளிருப்பது ஒழுகிக் கிருமி சாகிறது. அது நம் தோலிலும் ஒட்டி நின்று பல மணி நேரம் காவல் காக்கிறது. அயோடின் வேறு வழியில் கிருமியின் உயிர்ச்சத்தைக் கெடுக்கிறது. ஸ்பிரிட்டோ, கிருமியின் புரதத்தைச் சில நொடிகளில் உறைய வைத்துவிடும்; காய்ந்ததும் போய்விடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முழு ஸ்பிரிட்டைவிட, நூற்றுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டுக்கே வலு அதிகம். புரதம் உறைவதற்குத் தண்ணீரும் வேண்டியிருக்கிறது. நம் வியாபாரத்தில் தண்ணீர் கலப்பது குற்றம். இந்த ஒரு சரக்கில் மட்டும், அளவறிந்து கலந்தால் அதுவே முறை!

எவ்வளவு பூசினாலும் தோலில் ஒரு கிருமி கூட இல்லாமல் செய்துவிட முடியாது. கூட்டத்தைக் குறைக்கலாம், உடம்பு தானே சமாளிக்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

மாமாவின் கோபத்துக்கு நாம் சொன்ன பதில் வேறொன்று. தூங்கி எழுந்தவர் தம் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விடவேண்டாம், இரவில் அந்தக் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எல்லோரும் மத்ரஸாவிலே ஓதியிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய காரணத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். "கையில் அழுக்கைக் கண்டால் கழுவு" என்பதல்ல அங்கே சொல்லப்பட்டது. "உனக்குத் தெரியாது, ஆகையால் கழுவு" என்பதே அதன் சாரம். தெரியாமை அங்கே சாக்குப்போக்காக வரவில்லை; கழுவுவதற்குக் காரணமாகவே வருகிறது.

இந்த ஒரு நுணுக்கத்தை மறந்ததனால் உலகத்தில் நடந்த ஒரு துயரத்தைச் சொல்கிறோம். நமது ஊரிலிருந்தே தொடங்குவோம். தேக்காவுக்கு அருகில் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966-ம் ஆண்டில் மட்டும் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன; உலகத்திலேயே அதிகம் என்று பேர் வாங்கிற்று. நம் சமூகத்தில் எத்தனையோ பேருடைய முதல் அழுகுரல் அங்கே கேட்டதுதான். பிரசவத்துக்குப் போன நம் தாய்மாரும் சகோதரிகளும் பிள்ளையோடு திரும்பி வருவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அது சாதாரணமாக இருக்கவில்லை.

ஐரோப்பாவில் வியன்னா நகரப் பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ம் ஆண்டில் டாக்டர்கள் பகுதியில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பகுதியில் நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. படித்தவர்கள் கையில் சாவு அதிகம். படிக்காதவர்கள் கையில் குறைவு! டாக்டர்கள் பகுதியில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்களாம்.

அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1847-ல் அவருடைய நண்பரான கொலெட்ச்கா என்ற டாக்டர் பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது, ஒரு மாணவனின் கத்தி விரலில் குத்தி, அதனாலேயே இறந்துபோனார். அவருடைய உடம்பில் கண்ட அடையாளங்களும் பிரசவ ஜுரத்தில் இறந்த தாய்மாரிடம் கண்ட அடையாளங்களும் ஒன்றாக இருந்தன. செம்மல்வைஸுக்கு விளங்கிவிட்டது. பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் நேரே பிரசவம் பார்க்கப் போகிறார்கள். கையில் ஒட்டிய ஏதோ ஒன்றுதான் தாய்மாரைக் கொல்கிறது. அது கிருமி என்று அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. ஆனாலும் அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டே எவரும் உள்ளே போகவேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். நாம் பிளீச்சிங் பவுடர் என்று விற்கிறோமே, அந்தச் சரக்குத்தான். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த இடத்தில், ஜூன் மாதம் நூற்றுக்கு 2 பேர் என்று இறங்கிற்று.

சகோதரர்களே, இதைக் கண்டதும் அந்த டாக்டர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் மகிழ்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "இத்தனை நாளும் அந்தத் தாய்மாரைக் கொன்றது நமது கைதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கேதான் மனிதர்கள் மூன்று வழியாகப் பிரிந்தார்கள்.

பெரும்பாலோர் மறுத்தார்கள். நாங்கள் கண்ணியமானவர்கள், எங்கள் கையா அசுத்தம் என்று சினந்தார்கள். கிராஞ்சியில் கல்லாப்பெட்டி மேல் பாட்டிலை வைத்த நம் மாமாவின் கோபமும் அதே ஜாதிதான்.

இரண்டாவது வழியில் போனவர் ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் மிகாயேலிஸ். அவர் செம்மல்வைஸ் சொன்னதை நம்பினார். கை கழுவும் முறையையும் ஏற்படுத்தினார். ஆனால் தம்முடைய உறவுப் பெண் ஒருத்தியே தம் கையால் பிரசவ ஜுரம் கண்டு இறந்தாள் என்ற எண்ணம் அவரைத் தின்றுவிட்டது. 1848-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உண்மையை ஏற்றுக்கொண்டவர், அதன் பாரத்தைத் தாங்கமாட்டாமல் நொறுங்கிப் போனார்.

மூன்றாவது வழி செம்மல்வைஸ் உடையது. அவரும் பிணங்களை அறுத்தவர்தாம். அதே கையோடு பிரசவமும் பார்த்தவர்தாம். தம்மால் எத்தனை பேர் அகாலத்தில் குழிக்குள் போனார்களோ, அது இறைவனுக்குத்தான் தெரியும் என்ற கருத்தைத் தாம் 1861-ல் வெளியிட்ட நூலில் அவரே எழுதினார். அப்படி எழுதிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. கழுவுங்கள், கழுவுங்கள் என்று கடைசிவரை மன்றாடினார். உலகம் கேட்கவில்லை. 1865 ஆகஸ்ட் 13-ல் மனநோய் விடுதி ஒன்றில் காலமானார்.

அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள். அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12-ல், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணுக்கு ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் கார்பாலிக் ஆசிட் நனைத்த துணியைக் கட்டினார். எலும்பு வெளியே தெரிந்த அப்படிப்பட்ட காலை அக்காலத்தில் வெட்டித்தான் எடுப்பார்கள். அந்தப் பையனின் கால் பிழைத்தது. 1867-ல் லிஸ்டர் தம் முறையை எழுதி வெளியிட்டார். பிறகு 1908-ல் கிரோஸ்ஸிக் என்ற டாக்டர், கத்தி வைக்குமுன் தோலில் டிஞ்சர் அயோடின் பூசும் எளிய முறையைக் கொண்டுவந்தார். 1954-ல் பிரிட்டனில் குளோர்ஹெக்சிடின் விற்பனைக்கு வந்தது. மாமாவின் கையில் கொடுத்த பாட்டிலுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறும், இவ்வளவு கண்ணீரும் இருக்கிறது.

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். 1847-க்கு முன்னால் கை கழுவாமல் பிரசவம் பார்த்த டாக்டர் பாவியா? அவருக்குத் தெரியாதே! தவறுதலாகவும் மறதியாகவும் நேர்ந்ததை இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்துள்ளான் என்ற கருத்துள்ள நபிமொழி இப்னு மாஜாவில் உண்டு. ஆகவே பாவம் இல்லை என்று சொல்லிவிடலாம். அவ்வளவோடு முடிந்ததா?

முடியவில்லை என்கிறது ஷரீஅத்து. நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவர் வேண்டுமென்றே அல்ல, தவறுதலாகவே இன்னொருவரின் உயிருக்குக் காரணமாகிவிட்டால், இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுத்தால் வேறு. பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். முடியாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். நினைத்துச் செய்யாத ஒன்றுக்கு எதற்காக இரண்டு மாத நோன்பு? நமது சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறோம். மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு. மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை என்பதனால் போன உயிர் திரும்பி வந்துவிடுவதில்லை. அந்த வீட்டிலே அடுப்பு எரியாமல் இருக்கிறது. உன் நிய்யத் நல்லது என்பது உனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. அந்த வீட்டு அடுப்போ உனக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு. முதல் கணக்கு தீர்ந்ததனாலேயே இரண்டாவது தீர்ந்துவிடாது.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் நமது கடையிலே நடந்ததைச் சொல்கிறோம். புதிதாக வேலைக்கு வந்த பையன், பருப்பும் அரிசியும் நிறுக்கும்போது பிளாஸ்டிக் கிண்ணத்தின் எடையைக் கழிக்காமலே நிறுத்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தின் எடை 30 கிராம். ஒவ்வொரு தடவையும் வாங்குகிறவருக்கு 30 கிராம் குறைவு. வாங்குகிறவர்களோ பெரும்பாலும் பக்கத்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தொழிலாளர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு தம்பி, "பாய், உங்கள் கடைப் பருப்பு எப்போதும் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நமக்கு வந்தது முதலில் கோபம்தான். "நம் கடையிலா?" என்ற கோபம்! பிறகு கிண்ணத்தை நிறுத்துப் பார்த்தோம். கை நடுங்கிவிட்டது.

முதஃப்பிஃபீன் என்ற 83-ஆம் அத்தியாயம் அளவில் குறைப்பவர்களை எச்சரிப்பதை நாம் சிறுபிள்ளையிலிருந்து ஓதுகிறோம். நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்; நமக்குத் தெரியாதுதானே. ஆனால் அந்த 30 கிராம் அவர்கள் பானையில் விழாமல் போனது போனதுதான். தெரிந்த முகங்களை அழைத்துச் சொல்லிக் கூடுதலாகக் கொடுத்தோம். அடையாளம் தெரியாதவர்களின் பங்கை, ஆலிம் ஒருவரின் யோசனைப்படி, அவர்கள் பேரில் ஸதகாவாகக் கொடுத்தோம். கணக்கு முழுவதும் தீர்ந்ததா என்பதை மறுமையில்தான் பார்க்கவேண்டும். ஆனால் ஒன்று தெளிவாயிற்று. கிண்ணத்தை நிறுத்துப் பார்ப்பதற்கு முந்தின நாள்வரை அது தவறு. நிறுத்துப் பார்த்த மறுநாளும் அதே கிண்ணத்தை அப்படியே உபயோகித்திருந்தால் அது திருட்டு. கிண்ணம் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான், நடுவிலே வந்தது அறிவு. அறிவு வந்தபின் அறியாமையின் பேரால் மன்னிப்புக் கேட்க முடியாது.

ஆபரேஷன் அறையிலும் இதே கதைதான். ஸ்பிரிட் கலந்த மருந்தைப் பூசிய பிறகு அது தானாகக் காய வேண்டும். ரோமமில்லாத இடத்தில் மூன்று நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். காய்ந்தால்தான் மருந்து முழுவதும் வேலை செய்யும். ஈரமாக இருக்கும்போது மின்சாரக் கருவியை உபயோகித்தால் ஸ்பிரிட் தீப்பிடிக்கவும் கூடும். அந்த மூன்று நிமிஷம் காத்திருந்தார்களா, இரண்டில் தொடங்கிவிட்டார்களா என்பது யாருக்குத் தெரியும்? மயக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது. வெளியே தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்கும் தெரியாது. புண்ணில் சீழ் பிடித்தால், ஏன் பிடித்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. மருந்து பூசியவரும் அல்லாஹ்வும் மட்டுமே அறிந்த மூன்று நிமிஷம் அது. அமானத் என்றால் இதுதான், சகோதரர்களே! வாங்குகிறவர் பார்க்காத இடத்தில் நிறுக்கும் வியாபாரிக்கு இது புதிய பாடமா?

இந்தக் காரியத்தில் அறிவு இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் 849 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். தண்ணீரில் கலந்த போவிடோன் அயோடின் பூசப்பட்டவர்களில் நூற்றுக்கு 16.1 பேருக்குப் புண்ணில் தொற்று வந்தது. ஸ்பிரிட்டில் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசப்பட்டவர்களில் 9.5 பேருக்கே வந்தது. 2016-ல் உலகச் சுகாதார ஸ்தாபனமும் ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினையே சிபாரிசு செய்தது. பிறகு 2024-ல் சுவிட்சர்லாந்தில் 3,360 பேரிடம் நடந்த சோதனையில், அயோடினையும் ஸ்பிரிட்டில் கலந்து பூசினால் அதுவும் சளைத்ததல்ல என்று தெரிந்தது. தொற்று வந்தவர்கள் ஒரு பக்கம் 5.1, மறுபக்கம் 5.5. நேற்றுப் படித்ததோடு போதும் என்று நிற்பவர், தாம் அறியாமலே பழைய கிண்ணத்தில் நிறுப்பவராகிவிடுவார். இதனால்தான், வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து கெடுதல் நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழி வந்திருக்கிறது போலும்.

இப்போது மாமாவின் இரண்டாவது கேள்வி: ஸ்பிரிட். மதுவைக் குடிப்பது ஹராம் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. மேலே பூசுவதைப் பற்றித்தான் கேள்வி. போதை தரும் பானம் நஜீஸ் என்பது நமது ஷாஃபி மத்ஹபின் நூல்களில் உள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் திராட்சை, பேரீச்சை மதுவையும் மற்றவற்றையும் வேறுபடுத்தினார்கள். இந்தக் காலத்துக்கு வேண்டிய தீர்ப்பை, 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹு சபை தன் 16-ஆம் கூட்டத்தில் அளித்தது. கிருமியைக் கொல்வதற்கும், புண்ணைச் சுத்தம் செய்வதற்கும், வெளியே பூசும் மருந்துகளிலும் ஆல்கஹாலை உபயோகிப்பது ஆகும் என்று அது சொல்லியிருக்கிறது. மேலும், ஆபரேஷனுக்கு முன் பூசும் பல மருந்துகளில் இருப்பது குடிக்கிற மது அல்ல. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் என்ற வேறொரு பொருள். அது பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது, குடித்தால் விஷம். இதற்கு மேலும் மனத்தில் சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். கட்டுப் போட்ட பிறகு அதன் மேல் மஸஹு செய்வது பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். மேசையில் படுத்த பிறகு வாதாடுவது முறையல்ல.

"எல்லாம் தக்தீர், வருவது வரும்" என்று சொல்லும் சகோதரர்களும் நம்மில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். செய்ய வேண்டியதை முழுவதும் செய்த பிறகும் தொற்று வருவது உண்டு. மேலே சொன்ன கணக்குகளில் எதிலும் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை. அப்படி வந்தால் அது தக்தீர், பொறுமை கொள்வோம். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டுத் தக்தீர் என்று சொல்வது, நம் சோம்பலை அல்லாஹ்வின் பேரில் எழுதுவதாகும்.

நமது கடையிலிருந்து சற்றுத் தூரத்தில் கிராஞ்சிப் போர்க் கல்லறை இருக்கிறது. 1942 பிப்ரவரியில் இந்தக் கிராஞ்சிக் கரையிலும் சண்டை நடந்தது. தீவு வீழ்ந்த பிறகு இங்கே போர்க்கைதிகள் முகாமும், அருகில் உட்லண்ட்ஸில் அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தன. கைதிகள் தங்கள் தோழர்களை அடக்கிய சிறிய இடம்தான் பிற்பாடு இந்தப் பெரிய கல்லறையாயிற்று. அங்குள்ள தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் படையினர் பெயர்களும் உண்டு. மருந்தும் கட்டுத்துணியும் போதாமல் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கள், இன்று நம் கடைத் தட்டில் தூசி படிந்து நிற்கும் ஒரு பாட்டில் கிருமிநாசினிக்காக எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்! இல்லாமல் தவித்தவரிடம் ஒரு கணக்கு. இருந்தும் வேண்டாம் என்றவரிடம் வேறு கணக்கு.

நம் முன்னோர் அல்-ராஸீயையும் அல்-ஸஹ்ராவியையும் சொல்லிப் பெருமைப்பட்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். அவர்கள் பெரியவர்கள்தாம். ஆனால் அவர்கள் பெருமை நம் கையைக் கழுவிவிடாது. ஆகவே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

நம் வீட்டிலோ, நம்மிடம் வேலை செய்பவர்களிலோ ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், முதல் நாள் இரவு சோப்போ, கொடுத்த மருந்தோ கொண்டு நன்றாகக் குளிக்க அவருக்கு நேரம் கொடுப்போம். கடை மூடும்வரை நிற்க வைக்க வேண்டாம். ஆபரேஷன் செய்யும் இடத்து ரோமத்தைச் சவரக் கத்தியால் தாமே மழித்துக்கொண்டு போகக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே மிஷின் வைத்துக் கத்தரிப்பார்கள். அன்று எண்ணெய், பவுடர், அத்தர் பூச வேண்டாம். முன்பு ஏதாவது மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் மிஸ்ஸியிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கிருமிநாசினி விற்கும் சகோதரர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து விற்கட்டும். பெரிய டின்னிலிருந்து சிறு பாட்டில்களில் ஊற்றிப் பெயரில்லாமல் விற்க வேண்டாம். இஷ்டத்துக்குத் தண்ணீர் கலக்கவும் வேண்டாம்; அப்படிக் கெட்டுப்போன கிருமிநாசினிக்குள்ளேயே கிருமி வளர்ந்த சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. காப்பாற்றும் என்று நம்பி ஒருவர் வாங்கிப் போகும் பொருள் அது. அவர் நம்புவது நம்மை.

மறுநாள் மாமா வந்தபோது இவற்றில் பாதியைத்தான் சொன்னோம். கை எங்கே இருந்தது என்று தெரியாது என்ற அந்த நபிமொழியைச் சொன்னதும் மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தெரியாது என்றால் கழுவத்தானே வேண்டும், தம்பி" என்றார். ஆபரேஷன் நடந்தது. புண் நல்லபடியாக ஆறிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

தெரியாமல் செய்ததை மன்னிக்கவும், தெரிந்துகொண்டதன்படி நடக்கவும், நம் கையால் எவருக்கும் தீங்கு நேராமல் இருக்கவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.